நாய்களுக்கான ரிப்பன் பூ: சின்ன பெட் கடைக்குச் சரக்கு எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிப்பனை இரண்டு காதாக மடித்து, நடுவில் இறுக்கி, நாயின் தலைமுடியில் வைக்கிற பூவைப் பற்றியது இந்தப் பக்கம். மொத்த வியாபாரிகள் இதை ‘போ’ என்பார்கள். கையகலத்தில் இருபது அடங்கும் பொருள்தான். இடம் அடைக்காது, கெட்டுப்போகாது, வாடிக்கையாளர் யோசிக்காமல் எடுத்துப் போவார். அதனாலேயே பலர் யோசிக்காமல் வாங்கியும் குவித்துவிடுகிறார்கள். ஆர்டர் போடும் முன் வரக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

முதலில் எதைப் பார்த்து எடுப்பது? நிறமா, டிசைனா, விலையா?

மூன்றும் அப்புறம். முதலில் பூவைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். நாயின் முடியில் அது எதைக் கொண்டு நிற்கிறது, நாய் தலையை உதறினால் என்ன ஆகும், காலால் பிறாண்டி இழுத்தால் எது முதலில் கழன்று வரும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பத்து நிமிடத்தில் நழுவி விழுகிற பூவை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். கேட்லாக் படங்கள் எப்போதும் முன்பக்கத்தையே காட்டும். பின்பக்கப் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் மொத்தமாக வாங்க வேண்டாம்.

பின்பக்கத்தில் என்னென்ன வகைகள் உண்டு? எது நல்லது?

பரவலாக விற்பது ரப்பர் பேண்ட் வைத்த பூ. பூவின் நடு முடிச்சுக்கு அடியில் சின்ன வளையம் ஒன்று கோத்திருக்கும். முடியைக் குடுமியாகப் பிடித்து, வளையத்தை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உட்கார்ந்துவிடும். கனம் கிடையாது, உலோகம் கிடையாது, உறுதியாக நிற்கும். நாயைக் குளிப்பாட்டி முடி திருத்தும் குரூமிங் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். குறை என்னவென்றால் போடுவதற்குக் கை பழக வேண்டும். புதிதாக நாய் வளர்ப்பவர், துள்ளுகிற குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் முடியையும் மறு கையால் வளையத்தையும் பிடித்துத் திணறுவார்.

அவருக்கு ஏற்றது கிளிப். அதிலும் இரண்டு வகை உண்டு. நீள வாயும் உள்ளே பல்லும் வைத்த அலிகேட்டர் கிளிப் ஒன்று. அழுத்தினால் ‘டிக்’ என்று மடங்கும் டிக்டாக் கிளிப் இன்னொன்று. அலிகேட்டர் கிளிப் போட எளிது, கழற்றவும் எளிது. நாய்க்கும் எளிதுதான், ஒரு தடவை தரையில் தலையைத் தேய்த்தால் போதும். அதன் நுனி கூராக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். உலோகம் வெளியே தெரியாதபடி ரிப்பன் சுற்றியிருந்தால் நல்லது. வழவழப்பான முடியில் கொஞ்சம் பிடிமானமும் கிடைக்கும். டிக்டாக் கிளிப் தலையோடு தட்டையாகப் படியும், நாய் படுத்தாலும் உறுத்தாது. ஆனால் அடர்த்தியான முடியை அதன் வாயில் அடக்க முடியாது. மெல்லிய முடிக்கு மட்டும் சரிப்படும்.

பெண்கள் கொண்டையில் மாட்டுகிற மாதிரியான பூட்டு கிளிப் வைத்த பூக்களும் வரும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் கனம். பெரிய பூடிலுக்குத் தாங்கும், இரண்டு மூன்று கிலோ நாய்க்கு வேண்டாம். வெல்க்ரோ வைத்ததை முடிக்காக எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் முள்பக்கம் நீள முடியில் சிக்கினால் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் நாய் கத்தும். வெல்க்ரோவை காலரில் மாட்டும் பூவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடை புதிது என்றால் ரப்பர் பேண்டில் பாதிக்கு மேல், மீதி அலிகேட்டர் கிளிப் மற்றும் காலர் பூ என்று தொடங்குவது என் யோசனை. டிக்டாக், பூட்டு கிளிப் எல்லாம் யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

லேடெக்ஸ் பேண்டா, சிலிகான் பேண்டா?

லேடெக்ஸ் நன்றாக இழுபடும், இறுக்கமாகப் பிடிக்கும். எண்ணெய், வெயில், காற்று மூன்றும் அதற்கு ஆகாது. நாய்க்கு எண்ணெயோ கண்டிஷனரோ போட்ட முடியில் சீக்கிரம் பிசுபிசுத்து அறுந்துவிடும். கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கினால், விற்கும் முன்பே வெடித்துப் போயிருக்கும். சிலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமையும் உண்டு, அட்டையில் ‘லேடெக்ஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். சிலிகான் வகை இந்த விஷயங்களில் தேவலை, ஆனால் கொஞ்சம் வழுக்கும்.

எதுவானாலும் கழற்றும்போது இழுக்கக் கூடாது. முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் பேண்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் முடியோடு வரும், அடுத்த தடவை சீப்பைக் கண்டாலே நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். அதனால் மாற்று பேண்ட் பாக்கெட்டும் அந்தக் கத்தரியும் பூவுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். பூ ஒரு முறை வாங்குவது, பேண்ட் திரும்பத் திரும்ப வாங்குவது. பேண்டை மாற்றிக் கோக்கும்படி அடியில் ஒரு சின்ன ரிப்பன் கொக்கியோ நூல் வளையமோ இருக்கும் பூவாகப் பார்த்து எடுங்கள். பேண்டை நேரடியாக ஒட்டியிருந்தால் அது அறுந்த அன்றே பூவும் குப்பைக்குப் போகும்.

எந்த இன நாய்களுக்கு எந்தப் பூ?

குடுமி போடும் இனங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது: ஷிட்சு, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், லாசா ஆப்சோ, ஹாவனீஸ். இவற்றுக்கு நெற்றி முடி வளர்ந்து கண்ணில் விழும். ஷிட்சுவின் கண் முன்தள்ளியது. முடி ஓயாமல் உரசினால் கண்ணே புண்ணாகும். எனவே குடுமி அங்கே அலங்காரம் மட்டுமல்ல, தேவையும்கூட. இந்த நாய்களின் வீட்டார்தான் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் யார்க்‌ஷயர் டெரியர் இலக்கணத்திலேயே, அதாவது அந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பிலேயே, தலைமுடியை நடுவில் ஒரு பூவாகவோ, வகிடெடுத்து இரண்டு பூவாகவோ கட்டலாம் என்று இருக்கிறது. ஆகவே யார்க்கி வைத்திருப்பவர் ஒரே மாதிரி இரண்டு கேட்பார். தனியாக ஒன்று, ஜோடியாக இரண்டு என்று இரண்டு விதமாகவும் அட்டை போடுங்கள்.

பூடில், பிஷான் ஃப்ரீஸே போன்ற சுருள்முடி நாய்களுக்குப் பெரும்பாலும் காதருகே வைப்பார்கள். காக்கர் ஸ்பானியலுக்குக் காது முடியின் மேல்பகுதியில் வைக்கலாம். பொமரேனியனுக்கு முடி அடர்த்திதான், ஆனால் நெற்றியில் குடுமி பிடிக்க நீளம் இருக்காது. காதின் பின்னால் சின்ன கிளிப் வேண்டுமானால் நிற்கும்.

பக், பீகிள், லாப்ரடார், கட்டை முடி நாட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் காலர் பூ. பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்து, காலரைக் கோத்து நுழைக்கிற மாதிரி இருக்கும். கடைக்கு வருகிறவர்களில் கட்டை முடி நாய் வைத்திருப்பவர்கள் நிறைய. “எங்கள் நாய்க்கு ஒன்றும் இல்லையா?” என்று அவர்கள் வெறுங்கையோடு திரும்புவது வீண் நஷ்டம். தலையில் பசை வைத்து ஒட்டும் பூக்களும் சந்தையில் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆண் நாய்க்கு இதெல்லாம் வாங்குவார்களா?

வாங்குவார்கள். ஆண் ஷிட்சுவுக்கும் முடி கண்ணில்தான் விழுகிறது. கட்டம் போட்ட துணி, கருநீலம், சாம்பல், ஒற்றை மடிப்புள்ள சின்ன பூ, கழுத்துக்கு போ டை என்று நாலைந்து வகை இருந்தால் போதும். ‘ஆண்களுக்கு’ என்று எழுதிப் பிரித்து வைக்கத் தேவையில்லை.

அளவு எப்படித் தீர்மானிப்பது?

நாயின் எடையைவிட, முடியில் எவ்வளவு பிடிக்க முடிகிறது என்பதைப் பாருங்கள். குட்டிகளுக்கும் மால்டீஸ் மாதிரி மூன்று கிலோவைச் சுற்றியுள்ள நாய்களுக்கும் 2.5 முதல் 4 செ.மீ. அகலப் பூ போதும். ஷிட்சு, லாசாவுக்கு 4 முதல் 6 செ.மீ. வரை. அதற்கு மேல் போனால் தலையில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். காலர் பூ நடுத்தர நாய்க்கு 8 செ.மீ., பெரிய நாய்க்கு 10 முதல் 12 செ.மீ. வரை இருக்கலாம். அதிலும் நாய் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது பூ கிண்ணத்தில் நனையாமல் இருக்க வேண்டும்.

ரிப்பனின் அகலமும் கணக்கில் வரும். 10 மி.மீ. ரிப்பனில் சின்ன பூ அழகாக வரும். 22 மி.மீ. ரிப்பனில் அதே சின்ன பூவைச் செய்தால் மடிப்பு உப்பி, குண்டாக இருக்கும். விற்பனையாளர் ‘ஸ்மால், மீடியம்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஒருவரின் ஸ்மால் இன்னொருவரின் மீடியம். செ.மீ. கணக்கில் கேட்டு, உங்கள் அட்டையிலும் செ.மீ. போட்டு எழுதுங்கள்.

கனம் தெரிய ஒரு சின்ன வழி: பூவை உங்கள் காதுக்கு மேல் உள்ள முடியில் நாலே நாலு இழையில் மாட்டித் தலையை ஆட்டிப் பாருங்கள். இழுப்பது உங்களுக்கே தெரிந்தால் குட்டி நாய்க்கு அது பாரம்.

எந்தத் துணி எடுப்பது?

குறுக்கே மெல்லிய வரி ஓடும் குரோக்ரெயின் ரிப்பன்தான் இந்த வேலைக்கென்றே பிறந்தது. விறைப்பாக நிற்கும், மடிப்பு கலையாது, பிடிமானம் இருக்கும், துவைத்தாலும் வடிவம் போகாது. சாட்டின் பளபளவென்று இருக்கும், படத்தில் அழகாக விழும். ஆனால் நழுவும், நகம் பட்டால் இழை எழும்பும். ஆர்கன்ஸா மெல்லியது, கனமே இராது, ஒரு நாள் விசேஷத்துக்குச் சரி. வெல்வெட்டில் உதிர்ந்த நாய் முடி அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வெல்வெட்டை வெள்ளை நாய்க்கு வைத்தால் மாலைக்குள் சாம்பல் வெல்வெட் ஆகிவிடும். பருத்தித் துணிப் பூக்கள் காலருக்கு நன்றாக இருக்கும்.

ரிப்பனின் வெட்டு முனையை உற்றுப் பாருங்கள். பாலியெஸ்டர், நைலான் ரிப்பன் முனையைச் சூட்டில் உருக்கி அடைத்திருப்பார்கள். நன்றாக அடைத்திருந்தால் ஓரம் வழவழப்பாக, ஒரு கோடு மாதிரி இருக்கும். கருகி, முடிச்சு முடிச்சாக, விரலில் குத்தினால் அவசரமாகத் தீயில் காட்டியது என்று அர்த்தம், அந்த முனை முடியில் மாட்டும். எதுவுமே செய்யாமல் விட்டிருந்தால் நூல் பிரியத் தொடங்கும், பிரிந்த நூலை நாய் நக்கிக்கொண்டே இருக்கும். பருத்தித் துணி உருகாது என்பதால் ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும்.

சாயம் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, அதில் பூவைச் சுருட்டி ஒரு இரவு அப்படியே வையுங்கள். காலையில் பிரித்துப் பாருங்கள். அடர் சிவப்பு, மெரூன், ஊதா, கருநீலம் இந்த நாலும்தான் அதிகம் மோசம் செய்யும். கைக்குட்டையில் இளஞ்சிவப்பு வளையம் விழுந்திருந்தால், மழையில் நனைந்த மால்டீஸின் நெற்றியிலும் அதே வளையம் விழும். அந்தக் கறை முடி வளர்ந்து வெட்டும் வரை நிற்கும், அதுவரை அந்த வீட்டார் உங்கள் கடையை நினைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். ஒரே கம்பெனியின் மஞ்சள் தேறியது என்பதற்காகச் சிவப்பும் தேறாது.

கல், மணி, முத்து, மினுக்கு வைத்தவை நன்றாக விற்குமே?

விற்கும், உண்மைதான். நடுவில் ஒரு சின்ன கல் வைத்த பூ கண்ணைப் பறிக்கும். கேள்வி அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ஹாட் குளூ என்கிற, உருக்கி ஒட்டும் பசையில் ஒட்டியது சூட்டில் இளகும். மூடிய காரில் வெயிலில் கிடந்தால் கல் தனியாக, பூ தனியாக வரும். நடு முடிச்சே ஒட்டாக இருந்தால் பூ முழுதும் பிரிந்துவிடும். நடு முடிச்சு நூலால் இறுக்கிக் கட்டி, மேலே ரிப்பன் சுற்றித் தைத்திருக்க வேண்டும். கல்லும் முத்தும் துளையிட்டுத் தைத்தவையாக இருக்க வேண்டும். கட்டை விரல் நகத்தை அடியில் கொடுத்து நெம்புங்கள். அசைந்தால் வேண்டாம்.

மினுக்குத் தூள் உதிர்வது கண்ணுக்குப் பக்கத்தில் ஆபத்து. கையில் தேய்த்தால் ஒட்டுகிற எதையும் தலைக்கு எடுக்காதீர்கள். சின்ன மணி கட்டிய பூ எனக்குப் பிடிக்காது. காதுக்கு ஒரு விரல் தூரத்தில் நாள் முழுக்க ஒலித்தால் நாய்க்கு எப்படி இருக்கும்! பொத்தான் பேட்டரி போட்டு மின்னும் பூ, காந்தம் வைத்த பூ இரண்டையும் கடைக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயைப் பொசுக்கும். ஒன்றுக்கு மேல் விழுங்கிய காந்தங்கள் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் சதையை நசுக்கும்.

நாய் பூவையே தின்றுவிட்டால்? விற்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஆள் பார்வையில் இருக்கும்போது மட்டும் பூ, தூங்கும்போதும் தனியாக விடும்போதும் கழற்றிவிட வேண்டும். இதை அட்டையிலேயே அச்சிடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்றின் தலையில் இருக்கும் பூவை மற்றொன்று விளையாட்டாகப் பிடுங்கித் தின்னும்.

நீளமான ரிப்பன் வால் விட்ட பூ அழகுதான், ஆனால் விழுங்கினால் நூல் மாதிரி குடலில் நீண்டு, குடலைச் சுருக்கிவிடும். அறுவை சிகிச்சை வரை போகும் விஷயம் அது. வால் குட்டையாக இருப்பதையே எடுங்கள். உலோக கிளிப்பில் துத்தநாகம் கலந்திருந்தால் வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நாய் விழுங்கியது தெரிந்தால், வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். பூவின் அட்டையையோ, ஜோடியில் மீதி இருக்கும் இன்னொன்றையோ கையோடு எடுத்துப் போனால், உள்ளே போனது என்ன என்று மருத்துவருக்குத் தெரியும்.

காதில் கட்டும் பூவால் காதுக்கே ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். காது மடலின் ஓரம் மெல்லிய தோல். மேலே முடி மூடியிருக்கும்போது தோல் எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடியை மட்டும் பிடித்ததாக நினைத்து பேண்டைச் சுற்றும்போது மடலின் நுனியும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று, காது வீங்கி, கவனிக்காமல் விட்டால் அந்த நுனி செத்தே போகும். மேலே அழகான பூ உட்கார்ந்திருப்பதால் யாரும் அடியில் பார்ப்பதில்லை. நாய் தலையை உதறும், காதைப் பிறாண்டும். பூ பிடிக்கவில்லை போல என்று வீட்டார் சிரித்துவிட்டுப் போவார்கள்.

போட்டு முடித்ததும் மெல்லிய சீப்பின் நுனியை பேண்டுக்கும் காதுத் தோலுக்கும் இடையில் நுழைத்துப் பார்க்க வேண்டும். தாராளமாகப் போனால் சரி. போகவில்லை என்றால் பேண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஜோடிப் பூ வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கல்லாவில் நின்றபடியே இதைச் செய்து காட்டுங்கள். கை பழகாதவருக்குக் காதுக்கென்று பேண்ட் பூ விற்காதீர்கள், கிளிப்பையோ காலர் பூவையோ கொடுங்கள்.

எவ்வளவு நேரம் தலையில் விடலாம்?

தினமும் கழற்றி, சீவி, மறுபடி கட்ட வேண்டும். நாலைந்து நாள் அப்படியே விட்டால் அடியில் முடி சிக்கு விழுந்து கம்பளி மாதிரி ஆகிவிடும். எந்நேரமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் முடி கொட்டி வழுக்கை விழுவதும் உண்டு, சில சமயம் அது திரும்ப முளைக்காமலே போகலாம். குடுமி போட்டதும் நாயின் கண் ஓரம் மேலே இழுபட்டால் கட்டு அதிக இறுக்கம். குடுமியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளித் தளர்த்த வேண்டும்.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். ஆகவே நிறம் வாங்குகிறவருக்காகத்தான்.

கறுப்பு, அடர் பழுப்பு நாய்களுக்கு மஞ்சள், வெளிர் நீலம், ஆரஞ்சு, வெள்ளை எடுப்பாகத் தெரியும். வெள்ளை நாய்க்கு எதுவும் பொருந்தும், அதனால் சாயம் போகாததாக இருந்தால் போதும். பொன்னிற நாய்க்கு மஞ்சள் கரைந்துவிடும், நீலமும் மரகதப் பச்சையும் நிற்கும். பண்டிகைக்கு ஏற்ற நிறங்கள் வேண்டும்தான், ஆனால் பண்டிகையின் பெயரோ வருடமோ அச்சிட்ட ரிப்பன் மறுநாளே பழைய சரக்கு. பண்டிகைக்குப் பொருந்துகிற வெற்று நிறத்தை எடுத்தால் மீதியை வருடம் முழுக்க விற்கலாம்.

மாதிரி வாங்கினேன். எப்படிச் சோதிப்பது?

சாய சோதனை மேலே சொல்லியாயிற்று. அப்புறம் ஒரு சோதனை: பூவின் இரண்டு காதையும் இரண்டு கையில் பிடித்து, நாய் இழுக்கும் வேகத்தில் வெடுக்கென்று இழுங்கள். நடு முடிச்சு நகரக் கூடாது. பேண்டை அதன் இயல்பான அளவைப்போல மூன்று மடங்கு இழுத்து விடுங்கள், பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். கிளிப்பை நாளெல்லாம் திறந்து மூடிக்கொண்டே இருங்கள், பல் வளைகிறதா பாருங்கள். துவைத்துக் காயவையுங்கள், காய்ந்தபின் கிளிப்பில் துரு தெரிகிறதா, ரிப்பன் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, பொறுமைசாலியான உண்மை நாய் ஒன்றின் தலையில் வைத்து ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். பொம்மை நாயிடம் ஜெயித்த பல பூக்கள் இங்கே தோற்கும்.

எத்தனை வகை எடுத்துத் தொடங்கலாம்?

குறைவாக. 10 நிறம், 3 அளவு, 3 வகைப் பின்பக்கம் என்று ஆசைப்பட்டால் 90 வகை ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து என்றாலே 450 பூ. அதில் எது தீர்ந்தது, எது தேங்கியது என்று கண்டுபிடிப்பதற்கே ஆள் போட வேண்டும். 6 நிறம், 2 அளவு, 2 பின்பக்கம் என்றால் 24 வகைதான். கொக்கிப் பலகை ஒன்றில் அடங்கும். ஓடுகிற நிறத்தை ஆழமாக வாங்குங்கள், புது டிசைனை மூன்று நான்கு மட்டும் வாங்கி அடிக்கடி மாற்றுங்கள். வாராவாரம் வருகிறவருக்குப் புதிதாக ஒன்று கண்ணில் பட வேண்டும்.

தொழிற்சாலைச் சரக்கா, கையால் செய்பவரிடமா?

இரண்டும். அன்றாடம் ஓடும் வெற்று நிறப் பூக்களுக்குத் தொழிற்சாலைச் சரக்கு மலிவு, ஆனால் குறைந்தபட்ச ஆர்டர் பெரிதாக இருக்கும், நிறங்களைக் கலந்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். கையால் செய்பவரிடம் சின்ன எண்ணிக்கை கிடைக்கும், பேண்டை மாற்று, வாலைக் குட்டையாக்கு என்றால் செய்து தருவார்கள். பேசிக்கொள்ள வேண்டியது இரண்டு: இரண்டாம் முறை வாங்கும்போதும் அதே ரிப்பன் கிடைக்குமா, சொன்ன தேதிக்குத் தருவார்களா. கார்ட்டூன் உருவம், விளையாட்டு அணிச் சின்னம் போட்டவற்றைத் தயாரிப்பவரிடம் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவர் என்ற முறையில் சிக்கல் உங்களுக்கும் வரும்.

விலை எப்படி வைப்பது?

வாங்கிய விலையோடு அட்டை, உறை, வரும் வழியில் சேதம், அனுப்பும் செலவு எல்லாவற்றையும் சேர்த்து அதை இரட்டிப்பாக்குவது சில்லறை வியாபாரத்தில் பழக்கமான கணக்கு. இவ்வளவு சின்ன பொருளுக்கு அது போதாது. ஒரு பூவை எடுத்துக் காட்டி, கட்டிக் காட்டி, பில் போட ஆகும் நேரம் ஒரு மூட்டை உணவு விற்க ஆகும் நேரத்துக்குச் சமம். அதனால் தனிப்பூவுக்குக் கொஞ்சம் கூட்டியும், ஜோடி, ஐந்து பூ செட் என்றால் கொஞ்சம் இறக்கியும் வையுங்கள். குரூமிங் கடைகளுக்கு 50, 100 என்று மொத்தமாகத் தனி விலை. அவர்கள் குளிப்பாட்டி அனுப்பும் ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று வைப்பார்கள், அவர்களுக்கு அலங்காரத்தைவிட எண்ணிக்கையும் ஒரே சீரான தரமும் முக்கியம்.

கடையில் எப்படி வைப்பது? போட்டுப் பார்க்க விடலாமா?

நாயின் மூக்கு எட்டாத உயரத்தில், மனிதரின் கண் மட்டத்தில். கண்ணாடி ஜன்னலோரம் வேண்டாம், வெயிலில் ரிப்பன் வெளுக்கும். நிற வரிசையில் கொக்கியில் தொங்கவிட்டால் தூரத்திலிருந்தே கண் இழுக்கும். பக்கத்தில் நீள முடியுள்ள பொம்மை நாய் ஒன்று உட்கார்ந்திருந்தால் கட்டிக் காட்டவும் அதுவே உதவும். பேண்ட் பாக்கெட்டுகளை வெளிச்சம் படாத டப்பாவில் வைத்து, பழையதை முதலில் விற்றுத் தீருங்கள்.

விற்கிற பூவை வந்த நாய்க்குப் போட்டுப் பார்க்க விடாதீர்கள். படர்தாமரை என்கிற பூஞ்சைத் தொற்று சீப்பு, துணி வழியாக நாய்க்கு நாய் பரவும், மனிதருக்கும் வரும், அதன் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அளவு தெரிய வேண்டுமானால் அதே அளவில் அட்டையில் வெட்டிய பூ ஒன்றை நாயின் தலைக்கு மேல் பிடித்துக் காட்டினால் போதும். உறை பிரித்த பூவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். காரணத்தையும் ஒரு வரியில் எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

தேங்கிப்போனதை என்ன செய்வது?

மூன்று மாதம் நகராத நிறத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள், கூட்டத்தில் அது மற்றதையும் மறைக்கும். மூன்றைச் சேர்த்து ஒரு செட்டாக்கி, நடுவில் ஓடுகிற நிறம் ஒன்றை வைத்துக் கட்டினால் போய்விடும். ஷாம்பு வாங்குகிறவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். பேண்ட் காய்ந்து போயிருந்தால் மாற்றிவிட்டுக் கொடுங்கள். பின்பக்கமே சரியில்லாமல் தேங்கியது என்றால் கிளிப்பைப் பிய்த்துவிட்டு ரிப்பனைப் பரிசுப் பைகளில் ஒட்டத் தனியே எடுத்து வைக்கலாம்.